ஏழரை வயதில் மார்பு வளர்ச்சி தொடங்கினால் என்ன செய்வது?

கேட்டவர் ஒரு தாய். மகளுக்கு ஏழரை வயது. ஒரு பக்க மார்பில் மட்டும் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது, சட்டை உரசினாலே வலிக்கிறது என்கிறாள். இவ்வளவு சீக்கிரமாகவா வயதுக்கு வந்துவிடுவாள், நாங்கள் கொடுத்த சாப்பாடுதான் காரணமா, அவளிடம் என்னவென்று சொல்வது? இதுதான் கேள்வி. குழந்தைகள் மருத்துவத்தில் இருப்பவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கட்டி. பெண் குழந்தைகளுக்கு மார்பு வளர்ச்சி பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். காம்புக்கு நேர் கீழே, கொஞ்சம் கெட்டியாக, தொட்டால் வலிக்கிற ஒரு சிறு வீக்கம். ஒரு பக்கம் முதலில் வரும், மறுபக்கம் சில மாதங்கள் கழித்து வரும். ஒரு பக்கம் மட்டும் இருப்பதைப் பார்த்துப் பல பெற்றோருக்குப் புற்றுநோயோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கும். இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் என்பது அரிதிலும் அரிது. அந்த இடத்தை அழுத்திப் பார்ப்பதோ தேய்த்துவிடுவதோ வேண்டாம். இன்னொன்றை அழுத்தமாகவே சொல்கிறேன்: குழந்தைகள் நிபுணர் ஒருவர் பார்க்காமல், அந்தக் கட்டியை வெட்டி எடுக்கவோ அதிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். பிற்காலத்து மார்பகம் முழுவதும் அந்தச் சிறு மொட்டிலிருந்துதான் வளர வேண்டும். அதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் வளர்ச்சியே இல்லாமல் போய்விடலாம்.

சரி, ஏழரை வயது என்பது சீக்கிரமா? மருத்துவத்தில் வைத்திருக்கும் கோடு இது: பெண்களுக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி தொடங்கினாலும், ஆண்களுக்கு 9 வயதுக்கு முன் விரை பெரிதாகத் தொடங்கினாலும் அது முன்கூட்டிய பருவமடைதல். வழக்கமான தொடக்கம் பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள். மார்பு வளர்ச்சி தொடங்கியதும் மாதவிடாய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். சாதாரணமாக இடையில் இரண்டு, இரண்டரை வருடம் ஆகும்.

ஆகவே உங்கள் மகள் கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கம் நிற்கிறாள். நாலு வயதுக் குழந்தைக்கு இது வந்தால் நான் அந்த வாரமே பார்க்கச் சொல்வேன். ஏழரையில், வேறு அறிகுறி இல்லையென்றால், அவசரமில்லாமல், ஆனால் தள்ளிப்போடாமல், அடுத்த சில வாரங்களுக்குள் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டினால் போதும். வயதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் அது. சில குழந்தைகளுக்கு ஏழு வயதில் மார்பு கொஞ்சம் தெரியும், அப்படியே ஒரு வருடம் நிற்கும், சிலருக்குக் குறைந்தும் போகும். வேறு சிலருக்கு ஆறே மாதத்தில் இரு பக்கமும் வளர்ந்து, உயரம் சட்டென்று கூடி, வெள்ளைப்படுதலும் தொடங்கிவிடும். பார்வைக்கு முதல் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டுவது காலம்தான்.

இந்த வேகத்தைக் கண்காணிக்க வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது உயரத்தை அளப்பது. செருப்பில்லாமல், குதிகால் சுவரை ஒட்ட, தலைமேல் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்துக் கோடு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதியுடன் எழுதி வையுங்கள். பருவமடைவதற்கு முன் குழந்தைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். அந்த வேகம் 7, 8 செ.மீ. என்று ஏறினால் உடலுக்குள் ஹார்மோன் உண்மையிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். பள்ளியில் எடுத்த பழைய உயரக் குறிப்புகள் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் பல பரிசோதனைகளைவிட உதவும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மருத்துவர் சொல்வது எளிதாகப் புரியும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாகச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்ப, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டை ரத்தத்தில் அனுப்புகிறது. அவை கருமுட்டை உருவாகும் சூலகத்தையோ விரையையோ போய் எழுப்புகின்றன. பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன், ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தொடங்குகிறது. பிறந்த முதல் சில மாதங்களில் இந்த ஏற்பாடு முழுவதும் ஒருமுறை விழித்திருந்துவிட்டு, பிறகு பல வருடங்களுக்கு அடங்கிவிடும். அந்த அடக்கம் சீக்கிரமே கலைந்தால் அதை மூளை வழிப் பருவமடைதல் என்கிறோம். மூளை தூங்கிக்கொண்டிருக்கும்போதே சூலகமோ, விரையோ, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியோ தன்பாட்டுக்கு ஹார்மோன் சுரந்தாலோ, வெளியிலிருந்து ஹார்மோன் உடலுக்குள் போனாலோ அது வேறு வகை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

பெண் குழந்தைகளில் மூளை வழியாக வருவதில் பெரும்பாலானவற்றுக்கு எந்த நோயும் பின்னணியில் இருக்காது. கடிகாரம் சீக்கிரம் ஓடிவிட்டது, அவ்வளவுதான். ஆண் குழந்தைகளில் நிலைமை அப்படி இல்லை. மூளையில் ஏதாவது ஒரு காரணம் இருப்பதற்கான வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். அதனால்தான் சீக்கிரம் பருவமடையும் ஆண் குழந்தைகளுக்கும், ஆறு வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளுக்கும் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறோம். மருத்துவர் எம்.ஆர்.ஐ. என்றதுமே மூளையில் கட்டி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம்.

பருவமடைதல் மாதிரியே தோன்றி, அதுவாக இல்லாத இரண்டு நிலைகளும் உண்டு. ஒன்று, மார்பு மட்டும் லேசாக வளர்ந்து, வேறு எதுவும் மாறாமல் இருப்பது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளிடம் இதை நிறையப் பார்க்கலாம், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இன்னொன்று, ஆறு ஏழு வயதில் அக்குளில் வியர்வை நாற்றம், மறைவிடத்தில் சில முடிகள், முகத்தில் ஓரிரண்டு பருக்கள். இது அட்ரீனல் சுரப்பியின் வேலை, சூலகத்துக்கு இதில் பங்கில்லை. இந்தக் குழந்தைகளுக்கு மாதவிடாய் வழக்கமான வயதில்தான் வரும். இரண்டையும் மருத்துவர் ஒருமுறை பார்த்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். தொடர் தலைவலியோ வாந்தியோ இருந்தால், பார்வை மங்கினால், வலிப்பு வந்தால் காத்திருக்காதீர்கள். காரணமே இல்லாமல் திடீர் திடீரென்று சிரித்து ஓய்வதும்கூட ஒருவகை வலிப்பாக இருக்கலாம், ஹைப்போதலாமஸில் சிறு கட்டி இருக்கும் சில குழந்தைகளுக்கு அது வரும். தோலில் ஓரம் ஒழுங்கற்ற பெரிய காப்பி நிறத் திட்டுகளும் அடிக்கடி எலும்பு முறிவும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மார்பு வளர்ச்சி எதுவுமே இல்லாமல் சின்னக் குழந்தைக்கு ரத்தப்போக்கு வந்தால், அதை மாதவிடாய் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. தொற்று, உள்ளே ஏதாவது பொருள் சிக்கியிருப்பது, அடிபட்ட காயம், பாலியல் துன்புறுத்தல் என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? இடது கையையும் மணிக்கட்டையும் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். கையின் சிறு எலும்புகள் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றன என்று பார்த்து எலும்பு வயதைக் கணக்கிடுவார்கள். ஏழரை வயதுக் குழந்தைக்கு எலும்பு வயது எட்டு என்றால் கவலை குறைவு. பத்து என்றால் விஷயம் வேறு. காலை நேர ரத்தத்தில் எல்.எச். பார்ப்பார்கள், சந்தேகமாக இருந்தால் ஒரு ஊசி போட்டு அது எவ்வளவு ஏறுகிறது என்று சில மணி நேரம் தொடர்ந்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தைராய்டும் பார்ப்பார்கள். பெண் குழந்தைக்கு வயிற்றில் ஸ்கேன் செய்து கருப்பையும் சூலகமும் வளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் உண்டு. எல்லாக் குழந்தைக்கும் எல்லாமே தேவைப்படாது.

எலும்பு வயதுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், உயரம் அதில்தான் இருக்கிறது. ஹார்மோன் குழந்தையை வேகமாக வளர்க்கும், கூடவே எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டுகளையும் வேகமாக மூடிவிடும். எட்டு வயதில் வகுப்பிலேயே உயரமாக நிற்கும் பிள்ளை, பதினான்கு வயதில் எல்லாரையும்விடக் குட்டையாக நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. ஆகவே "நல்லா உயரமா வளர்றா" என்று மற்றவர்கள் பாராட்டும் அந்த நேரத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மூளை வழிப் பருவமடைதல் வேகமாகப் போகிறது என்று உறுதியானால் மருந்து இருக்கிறது. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற ஊசிகள், 1980-களிலிருந்து குழந்தைகளுக்குப் பயன்பட்டு வருபவை. இவையும் ஜி.என்.ஆர்.எச். போலவேதான் இருக்கும், ஆனால் துடிப்புத் துடிப்பாக இல்லாமல் இடைவிடாமல் பிட்யூட்டரியைத் தட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் பிட்யூட்டரி கண்டுகொள்ளாமல் ஓய்ந்துவிடும். பருவமடைதல் நின்ற இடத்தில் நிற்கும். சாதாரணமாக 11 வயது வாக்கில் ஊசியை நிறுத்துவார்கள், அதன்பின் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மாதவிடாய் வரும். பின்னாளில் குழந்தை பிறப்பதற்கு இது தடையாக இருக்குமோ என்பதுதான் எல்லாப் பெற்றோரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. இத்தனை வருட அனுபவத்தில் அப்படிப் பாதிப்பு தெரியவில்லை.

ஆனால் எல்லாருக்கும் ஊசி வேண்டியதில்லை. உயரத்தில் நல்ல பலன் கிடைப்பது ஆறு வயதுக்கு முன் பருவமடையத் தொடங்கியவர்களுக்கு. ஆறிலிருந்து எட்டுக்குள் ஓரளவு கிடைக்கும். எட்டைத் தாண்டித் தொடங்கினால் உயரத்துக்கென்று பெரிய லாபம் இல்லை. மெதுவாகப் போகும் குழந்தைக்குச் சும்மா கவனித்துக்கொண்டிருப்பதே சரியான வைத்தியம். மாதவிடாய் தள்ளிப் போகட்டும் என்பதற்காக மட்டும் ஊசி கேட்கும் பெற்றோர் உண்டு. ஆறேழு வயதில் மாதவிடாயைச் சமாளிக்க முடியாத குழந்தைக்கு அது நியாயமான காரணம்தான். ஒன்பதரை வயதில், நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள்.

இப்போது "நான் கொடுத்த சாப்பாடா?" என்ற கேள்வி. பெண்களின் முதல் மாதவிடாய் வயது நூற்றைம்பது ஆண்டுகளாகவே இறங்கி வந்திருக்கிறது. வட ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 16, 17 என்று இருந்தது, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் 13 வாக்கில் வந்து நின்றது. சத்துணவும் சுகாதாரமும் கூடியதே இதற்குப் பெரிய காரணம். அப்புறம் மார்பு வளர்ச்சி தொடங்கும் வயது மட்டும் தனியாக இறங்கிக்கொண்டே வருகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வந்த ஓர் ஆய்வு, 1977-க்கும் 2013-க்கும் இடையில் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று மாதம் என்ற கணக்கில் அது முன்னே வந்திருப்பதாகக் காட்டியது. பெண் குழந்தைகளில் உடல் கொழுப்புக்கும் இதற்கும் தெளிவான தொடர்பு இருக்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், உடலில் சேமிப்பு போதுமானது என்று மூளைக்குச் சொல்லும் சேதி. பிளாஸ்டிக்கிலும் அழகுப் பொருள்களிலும் இருக்கும் சில வேதிப்பொருள்கள் மேல் சந்தேகம் இருக்கிறது, ஆனால் இந்தக் குழந்தைக்கு இதனால்தான் என்று விரல் நீட்டும் அளவுக்கு யாராலும் சொல்ல முடியாது. பால், முட்டை, கோழிக்கறி என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போவதை நான் ஆதரிக்கவில்லை. வளரும் பிள்ளைக்குப் புரதமும் கால்சியமும்தான் குறையும்.

பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. வீட்டில் எல்லாரும் தாயைத்தான் கேட்பார்கள், நீ எத்தனை வயதில் வயதுக்கு வந்தாய் என்று. ஆனால் 2013-இல் கண்டறியப்பட்ட எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணுவில் வரும் பழுது, தகப்பன் வழியாக வந்தால் மட்டுமே முன்கூட்டிய பருவமடைதலை உண்டாக்கும். தாய் வழியாக வரும் பிரதி ஊமையாக இருப்பதால் அது பேசாது. ஆகவே அப்பாவுக்கு எப்போது மீசை முளைத்தது, அத்தைமார் எப்போது வயதுக்கு வந்தார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

வீட்டில் உண்மையிலேயே தேடிப் பார்க்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது: ஹார்மோன் கலந்த களிம்புகள். தகப்பனோ தாத்தாவோ டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவிக்கொண்டு, அந்தத் தோளில் குழந்தையைத் தூக்கிச் சாத்தினால், குழந்தையின் தோல் வழியே அது உள்ளே போகும். இப்படி நடந்த குழந்தைகளைப் பார்த்துத்தான் 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த ஜெல்களின் மேல் கடும் எச்சரிக்கை அச்சிட வைத்தது. ஈஸ்ட்ரோஜன் களிம்புகளும் அப்படியே.

இனி எனக்கு மருத்துவத்தைவிட முக்கியமாகத் தோன்றும் பகுதி. உடல் ஓடிவிட்டாலும் உங்கள் மகளுக்கு வயது ஏழரைதான். பொம்மையும் பிடிவாதமும் அழுகையும் எல்லாம் ஏழரை வயதுக்கு உரியவை. உயரமும் உடலும் பத்து வயது போலத் தெரிவதால் உறவினர், ஆசிரியர், சமயத்தில் நீங்களேகூட, "இவ்வளவு பெரிய பொண்ணு, இப்படியா?" என்று கேட்டுவிடுவீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சீக்கிரம் பருவமடையும் பெண் குழந்தைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சுற்றியிருப்பவர்கள் அவர்களை நடத்தும் விதத்துக்கும் அதில் நிறையப் பங்கு இருக்கிறது.

அவளிடம் பேசுவதற்கு ஒரு நாள் குறித்து உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை. குளிக்கும்போதோ தலை பின்னும்போதோ போதும். "உன் மார்புல வலிக்குதுன்னு சொன்னேல்ல, அது நோய் இல்லம்மா. பெரிய பொண்ணாகும்போது எல்லாருக்கும் அங்க வளரும். எனக்கும் வளர்ந்துச்சு. உனக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. டாக்டர்கிட்டக் கேட்டுக்கலாம்." அவ்வளவே போதும், பிறகு அவள் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில். தெரியாததைக் கேட்டால் "நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, மறக்காமல் சொல்லுங்கள். அவள் காதில் விழும்படி தொலைபேசியில் மற்றவர்களிடம் கிசுகிசுக்காதீர்கள், பெருமூச்சு விடாதீர்கள். தன் உடம்பில் ஏதோ வெட்கக்கேடு நடக்கிறது என்ற எண்ணத்தை ஒரு குழந்தை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

வலிக்கு, தையல் உரசாத மெல்லிய பருத்தி உள்சட்டை போடுங்கள். அவளையும் கூட்டிப்போய் அவளே தேர்ந்தெடுக்கட்டும். வெள்ளைப்படுதல் தொடங்கினால் மாதவிடாய் சில மாதங்களில், ஒரு வருடத்துக்குள் வரலாம் என்று வைத்துக்கொண்டு, நாப்கின் எப்படி ஒட்டுவது, எப்படிச் சுருட்டிப் போடுவது என்று ஒருமுறை உள்ளாடையில் ஒட்டியே காட்டிவிடுங்கள். பள்ளிப் பையில் ஒரு சிறு பையில் நாப்கினும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, "டீச்சர், பாத்ரூம் போகணும்" என்றால் கேள்வி கேட்காமல் அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் கேலி நடக்கிறதா என்பதையும் அவரே கவனிப்பார்.

பாதுகாப்பைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். வளர்ந்த பெண் போல் தெரியும் குழந்தையின் மேல் தகாத பார்வையும் தொடுகையும் சீக்கிரமே விழுகின்றன. அதைப் புரிந்துகொள்ளும் வயது அவளுக்கு இல்லை. உறுப்புகளின் பெயரை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள், யார் தொட்டாலும், தெரிந்தவராகவே இருந்தாலும், பிடிக்கவில்லை என்றால் உடனே உங்களிடம் சொல்லலாம், திட்டு விழாது என்று சொல்லுங்கள். அதற்காக விளையாட்டை நிறுத்துவதும் வீட்டுக்குள் அடைப்பதும் வேண்டாம். ஓடி ஆடுவது அவள் உடலுக்கும் மனதுக்கும் இப்போது இன்னும் அதிகமாகத் தேவை. எடை கூடுதலாக இருந்தால் மொத்த வீட்டின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் சரிசெய்யுங்கள். அவள் தட்டை மட்டும் குறைக்காதீர்கள்.

ஆண் குழந்தை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு விஷயம். ஏழெட்டு வயதுப் பையனுக்குக் குரல் உடைவது, பரு வருவது, திடீர் கோபம், சட்டென்று உயரம் கூடுவது இவற்றையெல்லாம் "ஆம்பளப் புள்ள, சீக்கிரம் வளர்றான்" என்று பெருமையோடு விட்டுவிடுகிறோம். முதல் அறிகுறியான விரை வளர்ச்சியோ யார் கண்ணிலும் படுவதில்லை. ஆணுறுப்பும் முடியும் வளர்ந்து விரை சிறிதாகவே இருந்தால், அட்ரீனல் போன்ற வேறு இடத்திலிருந்து ஹார்மோன் வருகிறது என்ற சந்தேகம் எழும். எதுவானாலும் 9 வயதுக்கு முன் என்றால் பார்த்தே ஆக வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் பெற்றோர் இருவரின் உயரம், மகளின் பழைய உயர எடைக் குறிப்புகள், முதல் மாற்றத்தைப் பார்த்த மாதம், வீட்டில் யாராவது பூசும் களிம்புகளின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முந்தின நாளே மகளிடம், டாக்டர் மார்பையும் உள்ளாடைக்குள்ளும் ஒருமுறை பார்ப்பார், நான் பக்கத்திலேயே இருப்பேன், உனக்கு வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்லலாம் என்று சொல்லி வையுங்கள். முதல் சந்திப்பில் எலும்பு வயது அவள் வயதை ஒட்டியே இருந்து, ரத்தப் பரிசோதனையும் சாதாரணமாக வந்தால், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி வரச் சொல்வார்கள். முதல்முறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாலும் அந்த இரண்டாவது சந்திப்பைத் தவறவிடாதீர்கள், வேகம் தெரிவது அதில்தான்.